ஓலைத்தொடுவாய்க்குப் பொருத்தமான லினக்ஸ்

லினக்ஸ் வகைகளில் எது ஆடாமல் அசையாமல் நிற்கும், எது யாருக்குப் பொருந்தும் என்று நான் எழுதின அளவுக்கு மன்னார்த் தீவில் வேறொருவர் எழுதியிருக்க மாட்டார். பெருமைக்குச் சொல்லவில்லை. எழுதினது முழுக்க ஒருவனுக்குத்தான், போனில், மெசேஜ் மெசேஜாக. எழுதின சரக்கில், ஓரிடம் தவிர, பிழையில்லை. எல்லாம் என் கையால் போட்டுப் பார்த்தது. எழுதின காரணம்தான் பொய். அந்தப் பொய்யைக் கேட்டு வாங்கினவ அவனுடைய தாய்.

தலைமன்னார் றோட்டில் எனக்கொரு கொமினிகேசன் கடை. போட்டோக் கொப்பி, தமிழ் ரைப்பிங், அடையாள அட்டைப் படம், கணினி திருத்தம். கடையைத் தொடங்கினவர் என் மனுசன். அவர் கட்டாருக்கு உழைக்கப் போய் அங்கேயே வேறொரு குடும்பம் தேடிக்கொண்டார், கடை எனக்கு மிஞ்சியது. அதைக் கதைக்க வெளிக்கிட்டால் எனக்கு விசர் வரும், விடுங்கோ.

லினக்ஸுக்கு நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. கடை மெஷினில் காசுக்கு வாங்க வேண்டிய சிஸ்டத்தின் கள்ளக் கொப்பி ஒன்று, யாரோ போட்டுத் தந்தது, ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் ஒரு பிள்ளை கம்பஸ் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறாள், கோதாரி விழுந்தது தன்பாட்டில் நின்று, தன்பாட்டில் அப்டேட் செய்யத் தொடங்கிவிட்டது. பிள்ளை அழுகிறாள், நான் வாயில் வந்தபடி திட்டுகிறேன், அது சாவகாசமாகச் சுத்திக்கொண்டிருக்கிறது. அன்றைக்கே அதைத் துடைத்து எறிந்தேன்.

முதலில் லினக்ஸில் உபுண்டு போட்டேன். குறை சொல்ல மாட்டேன், புதிதாக வருகிறவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். என் மெஷின் கிழடு, அதற்கு அது பாரம். பிறகு மின்ட். பழைய முறையில் பழகின கைக்கு இதமாக இருந்தது. கடைக்கு வருகிற சனம் எங்கே அமத்துவது என்று என்னைக் கேட்டு அரியண்டப்படுத்தவில்லை. ஆர்ச்சும் போட்டுப் பார்த்தேன். அதை வைத்திருப்பவர் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முன்னால் அறிவித்தல் வாசிக்க வேண்டும், எனக்குக் கோவில் அறிவித்தல் வாசிக்கவே நேரமில்லை. கடைசியில் டெபியனில் போய் நின்றேன். டெபியன் ஒரு பிடிவாதக்காரி. ஒருதரம் வெளிவந்தால் அடுத்தது வரும்வரைக்கும் உள்ளே புதுசு எதையும் விடமாட்டாள், ஓட்டை அடைக்கிற வேலை மட்டும் நடக்கும். இங்கே கரண்ட் போய்ப்போய் வரும், உப்புக் காற்று போர்டைத் தின்னும், சிக்னல் நினைத்த நேரம்தான் கிடைக்கும். இவ்வளவும் ஆடுகிற இடத்தில் உள்ளே இருக்கிறதாவது ஆடாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

இதையெல்லாம் கதைக்க எனக்குக் கிடைத்த ஒரே ஆள் அவன். கடற்கரை ஊரான ஓலைத்தொடுவாயின் பெடியன். மன்னார் ரவுணில் கணினி கோர்ஸ் படித்துக்கொண்டிருந்த காலத்தில் என் கடையில் வந்து குந்தியிருந்து என்னோடு வாய்க்கு வாய் சண்டை பிடிப்பான். அவனுக்குப் புதுசு வேண்டும். பெடோறாதான் அவனுக்கு உயிர். அரை வருசத்துக்கு ஒரு தரம் புதுப் பதிப்பு வரும், மெஷினை உள்ளேயிருந்து ஓட்டுகிற கேர்னல் எப்போதும் புதுசாக இருக்கும். "அக்கா, நீங்கள் டெபியனிலை இருந்து கொண்டு மற்றவை விட்டெறிஞ்சதைப் பாவிக்கிறியள்" என்பான். "விட்டெறிஞ்சது உடையாமல் கிடக்குது தம்பி, உன்ரை புதுசு அடுத்த மாசம் என்ன செய்யுமெண்டு உனக்கே தெரியாது" என்பேன். பிறகு அவன் பிரான்சுக்குப் போய்விட்டான். அகதிக் கேஸ் போட்டுவிட்டு, இன்றைக்கு முடியும் நாளைக்கு முடியும் என்று வருசக்கணக்காகக் காத்திருந்தான். சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிற வேலை. வேலையால் வந்து படுத்துக்கொண்டு எனக்கு லினக்ஸ் பற்றி மெசேஜ் அடிப்பான். அந்தச் சண்டை எனக்கும் தேவையாக இருந்தது.

அவன் தாயை எனக்கு அவனுக்கு முன்னமே தெரியும். கருவாடு காயப்போடுகிற வாடியில் வேலைக்கு நின்றவ. மனுசி கதிரையில் இருந்தால் கதிரை தெரியாது, அவ்வளவு ஆகிருதி. பாரைமீன் கூடையைத் தனி ஆளாகத் தூக்குவா, குரல் கடற்கரை முழுக்கக் கேட்கும். என்னை "பிள்ளை" என்பா, நான் "மாமி" என்பேன். சின்னப் போனில் மகனுடைய முகம் தெரியவில்லை என்று சொல்லி, ஞாயிறு பூசை முடிய என்னை லாப்டொப்போடு வரச் சொல்லுவா. நானும் ஸ்கூட்டியில் போவேன். கதைத்து முடிய மீன்குழம்பு தந்துதான் விடுவா.

பிறகு மாமிக்கு வருத்தம் வந்தது. வயிற்றில் கட்டி. கொழும்புக்குக் கொண்டுபோய்க் காட்டி, அங்கே ஏதேதோ ஏற்றி, கடைசியில் வீட்டில் வைத்துப் பாருங்கோ என்று அனுப்பிவிட்டார்கள். மகனுக்கு ஒருவரும் மூச்சும் விடவில்லை. எங்கட சனத்தின் வழக்கம் இது. வெளியில் இருக்கிற பிள்ளைக்கு இங்கத்தை வருத்தம் சொல்லக்கூடாது. ஒப்பறேசன் என்றால் சின்னக் காய்ச்சல் என்பார்கள், படுத்த படுக்கை என்றால் கொஞ்சம் தடிமன் சளி என்பார்கள். அங்கே இருக்கிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, வேலை போனதை வருசக்கணக்கில் சொல்லமாட்டார்கள். எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான், நானும் செய்திருக்கிறேன்.

மாமியோடு இருந்தவள் அவனுடைய தங்கச்சி. அவள் தன் போனின் கமரா பழுது என்று அண்ணனுக்குச் சொல்லிவிட்டாள். மிச்சம் இருந்தது என் லாப்டொப். அதில் செருகுகிற கமரா பழசு, படம் கஞ்சி மாதிரி மங்கலாக வரும். அதில் மாமியின் முகம் ஒரு நிழல்தான். அதுவே அவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது.

அவன் விடுகிற ஆளா? அங்கிருந்து மடுத் திருவிழாவுக்கு வந்த ஒருவரிடம் புது லாப்டொப் ஒன்றைக் கொடுத்துவிட்டான். "அக்கா, இதிலை நல்ல கமரா இருக்கு. அம்மான்ரை முகம் எனக்குத் தெளிவா, வடிவாத் தெரியோணும்" என்று மெசேஜ். நான் வழக்கப்படி டெபியனைப் போட்டேன். கமரா வேலை செய்யவில்லை. அதைக் குறை சொல்ல ஏலாது. அந்தக் கமரா புது வகை, நான் போட்டிருந்த கேர்னல் அது வருவதற்கு முந்தியது. பார்த்திராத ஒன்றை எப்படி அடையாளம் காணும்? சரி என்று அவனுடைய பெடோறாவையும் பக்கத்தில் போட்டேன். மெஷினைத் திறக்கும்போது இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும். பெடோறாவில் கமரா பட்டென்று திறந்தது. என் முகத்துச் சுருக்கம் எல்லாம் தெரிந்தது. சும்மா சொல்லக்கூடாது, எனக்கே சந்தோசமாக இருந்தது. அவனிடம் தோற்றாலும் பரவாயில்லை என்று நினைத்தேன்.

அந்த ஞாயிறு அதைக் கொண்டு போனேன். வீடியோக் கோல் எடுக்க முன்னம் கமராவைத் திறந்து மாமிக்கு முன்னால் வைத்தேன். மாமி திரையில் தன்னைப் பார்த்தா. வீட்டில் முகம்பார்க்கிற கண்ணாடியை மகள் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்திருந்தது எனக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது. மனுசி மெலிந்து மெலிந்து தோளெலும்பு வெளியே நின்றது. கன்னம் இரண்டும் குழி. தலைமயிர் இல்லை.

"இது அவனுக்கும் இப்பிடித்தான் தெரியுமோ பிள்ளை?"

"இதைவிட வடிவாத் தெரியும் மாமி."

"அப்ப வேண்டாம். மற்றதைப் போடு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவன் பெத்த தாயின்ரை முகத்தைப் பாக்கத்தானே அனுப்பினவன். எத்தினை நாளைக்கு மறைக்கப்போறியள்?" என்று கத்தினேன். தங்கச்சி குசினிக்குள் போய்விட்டாள். மாமி கதைத்தா. அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ, கிட்டப் போய்த்தான் கேட்க வேண்டியிருந்தது.

"கேஸ் முடியேல்லை. இதைப் பாத்தானெண்டால் அடுத்த பிளேனிலை நிப்பான். வந்தால் பேந்து போக ஏலாது. வந்து என்ன செய்வான்? என்னைப் பாத்து அழுவான். நான் செத்துப்போவன். பேந்து?"

பிறகு என்ன? இங்கே அவனுக்கு என்ன இருக்கிறது? தகப்பன் கடலோடு போனார், வள்ளம் வித்தாச்சு. நான் மெஷினை நிப்பாட்டி, டெபியனில் திறந்து, பழைய கமராவைச் செருகினேன். தங்கச்சி வந்து யன்னலைத் திறந்து தாயின் முதுகுப் பக்கம் வெளிச்சம் வரும்படி கதிரையைத் திருப்பினாள். மாமியின் சட்டைக்குள் தோள் பருத்துத் தெரியத் துவாயை மடித்து வைத்தாள், தலைக்குச் சால்வை போட்டாள். தாயும் மகளும் அதை ஏற்கனவே பழகிவைத்திருந்தார்கள்.

"அம்மா, இன்னும் மங்கல்தானே?" என்றான் அவன்.

"எனக்கு நீ வடிவாத் தெரியுறாய் ராசா" என்றா மாமி. அது பொய்யில்லை. அவன் பக்கத்துக் கமரா நல்லது.

அதோடு என்னுடைய வேலை தொடங்கியது. அவன் விடாமல் கேட்பான், நான் விடாமல் எழுதுவேன். டெபியனை ஏன் மாற்றக்கூடாது, மாற்றினால் என்ன ஆபத்து, தாயோடு கதைக்கிற மெஷின் ஒரு ஞாயிறு திறக்காமல் போனால் யார் பொறுப்பு என்று பக்கம் பக்கமாக எழுதினேன். "உன்ரை பெடோறான்ரை ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு வருசச் சொச்சம்தான் ஆயுள். நான் ஓலைத்தொடுவாயிலை இருந்து கொண்டு அதை மாத்தி மாத்திப் போட ஏலுமோ? அவ்வளவு பெரிய அப்டேட்டை இந்தச் சிக்னலிலை இறக்க ஏலுமோ?" என்று கேட்டேன். அதில் ஒவ்வொரு சொல்லும் சரி. வேறு யாராவது என்னிடம் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த நேரம் பெடோறா அதே மெஷினுக்குள்ளே ஒரு குறையும் இல்லாமல் கிடந்தது.

அவன் மடையன் இல்லை. "அப்ப உபுண்டுவின்ரை புதுசைப் போடுங்கோ, அதிலை கேர்னல் புதுசுதான்" என்றான். அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். "டெபியனிலேயே பின்னாலை வந்த கேர்னலை ஏத்தலாம் அக்கா, வழி இருக்கு" என்றான். வழி இருக்கிறது என்று எனக்கும் தெரியும். கலந்தடித்தால் பிடிவாதக்காரி கோபிப்பாள் என்று எழுதினேன். "பெடோறாவை மெஷினிலை போடவே வேண்டாம், யூஎஸ்பியிலை வைச்சு ஒருக்காத் திறந்து பாருங்கோ" என்றான். திறந்து பார்த்தேன், வரவில்லை என்றேன். கேர்னல் சொல்லுகிறதைப் பிரதி எடுத்து அனுப்பச் சொன்னான். டெபியனில் திறந்து எடுத்து, பதிப்பைச் சொல்லுகிற வரியை வெட்டிவிட்டு அனுப்பினேன். கமராவை அடையாளம் காணவில்லை என்று அதில் அச்சொட்டாக இருந்தது. அவன் அதை வைத்துக்கொண்டு வேலை முடிந்து வந்து மினக்கெட்டு வாசித்திருக்கிறான். எங்கெங்கோ குழுக்களில் கேட்டிருக்கிறான், யார் யாரோ மறுமொழி எழுதியிருக்கிறார்கள், எல்லாவற்றையும் எனக்கு அனுப்பினான். "எங்கட அம்மாவுக்காக ஜேர்மன்காரன் ஒருத்தன் மண்டையை உடைக்கிறான் அக்கா" என்று எழுதினான். அதை வாசித்துவிட்டுக் கடைக் கதவைப் பாதி சாத்திவைத்து அழுதேன்.

மாமி அதற்குப் பிறகு கனநாள் தாங்கவில்லை. கடைசி ஞாயிறுகளில் கதிரையில் இருக்க ஏலாமல் தலையணை அண்டை கொடுத்து இருத்தினோம். கோல் முடியும்வரை தலையை நேராக வைத்திருப்பா. நான் மூடினதும் அப்படியே சரிந்துபோவா. "அவனுக்குச் சொல்லுங்கோ மாமி, காலிலை விழுந்து கேக்கிறன்" என்று ஒருக்கால் கேட்டேன். "கேஸ் முடியட்டும்" என்றா. பக்கத்தில் தங்கச்சி தாயின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் கதைத்துப் பிரயோசனமில்லை, அவள் சொல் தவறாத பிள்ளை.

மாமி ஒரு காலைநேரம் போனா. கேஸ் முடியவில்லை. திடீரென்று நெஞ்சுவலி என்று தங்கச்சி அண்ணனுக்குச் சொன்னாள். தாய் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனதுதான் அதுவும். அவன் போனில் கத்தினது பக்கத்து வளவுக்கும் கேட்டது. வாறன், இப்பவே வாறன் என்றான். அவனுடைய சித்தப்பன் போனை வாங்கி, "வந்து என்ன பிரயோசனம் மகன், அவ போயிட்டா. கேஸையும் கெடுக்காத" என்றார். அரைநாள் இழுபறிப்பட்டு, கடைசியில் அவன் அடங்கிப்போனான். செத்தவீட்டை நேரலையாகப் பார்ப்பதென்று முடிவாயிற்று. என்னைக் கூப்பிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் பெட்டி மூட முன்னம் பிள்ளைகள் நெற்றியில் முத்தமிட்டு முத்தி செய்வார்கள். அதற்குப் பிறகு மூத்த மகன் வெள்ளைத் துணியால் முகத்தை மூடுவார். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் என்று வந்த பிறகு அதற்கும் ஒரு வழி செய்துகொண்டார்கள். பெட்டியின் தலைமாட்டில் ரீவியை வைப்பது, அதில் மகன் நிற்பது, அவன் "மூடுங்கோ" என்று சொல்ல இங்கே நிற்கிறவர் துணியைப் போடுவது. அவன் சொல்லாமல் பூசை வைக்கிற எந்தச் சுவாமியும் பெட்டியைத் தூக்க விடமாட்டார். இந்த வீட்டில் துணி தங்கச்சியின் கையில் இருந்தது.

வளவில் பந்தல் போட்டிருந்தார்கள். நான் மூலையில் மேசை போட்டு, மெஷினை நீள வயரால் ரீவியோடு தொடுத்துத் திறந்தேன். வழமைபோல எது வேண்டும் என்று கேட்டது. தங்கச்சி என்னைப் பார்த்தாள். செத்த முகத்தை அவனுக்கு மங்கலாகக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. இனி அவன் பார்ப்பதற்கு வேறு நாளும் இல்லை. பெடோறாவில் திறந்தேன்.

இன்ரநெற் அறுந்துவிடக்கூடாது என்று முதல் நாளே கம்பத்தில் அன்ரனா கட்டியிருந்தேன். கரண்ட் போனாலும் தாங்க பற்றறி வைத்திருந்தேன். மெஷினில் தேவையில்லாத எல்லாவற்றையும் நிப்பாட்டி, தானாக அப்டேட் ஆகாதபடி பூட்டி, வெயில் படாமல் நனைத்த சாக்கால் மறைப்பும் கட்டினேன். இவ்வளவு கவனமாக நான் ஒரு மெஷினையும் ஆயத்தப்படுத்தினதில்லை.

ஒப்பாரி ஓய்ந்து, செபம் முடிந்து, எல்லாரும் முத்தி செய்தாயிற்று. நான் லாப்டொப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பெட்டிக்குக் கிட்டப் போனேன். ரீவியில் அவன். யாரோ இரவல் கொடுத்த கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தான். அழுது வீங்கின முகம். கமராவை மாமியின் முகத்துக்கு நேரே பிடித்தேன். ஒரு மயிரிழைகூடத் தப்பாமல் தெரிந்தது.

அவன் அழுகையை நிப்பாட்டினான்.

"அக்கா, அம்மாவைக் காட்டுங்கோ" என்றான்.

"அம்மாவைத்தான் தம்பி காட்டுறன்."

அவன் திரைக்குக் கிட்ட வந்தான். முகம் ரீவி முழுக்க நிறைந்தது. அவனுடைய கண் மேலும் கீழும் போய் வந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமியின் கை இரண்டும் செபமாலையோடு நெஞ்சில் கிடந்தன, அந்தக் கையில் என்ன இருந்தது, தோலும் எலும்பும். நெஞ்சுவலியில் போன மனுசியின் கை அப்படி இருக்காது என்று குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும்.

"இது அந்தக் கமராவே?"

"ஓம்."

"டெபியனிலையே ஓடுது?"

செத்தவீட்டில், அத்தனை சனத்துக்கு நடுவில், சுவாமி புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க, நாங்கள் இதைக் கதைத்தோம். வேறு என்னத்தைச் சொல்லுவது, பொய் சொல்ல என் வாயில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

"இல்லைத் தம்பி. பெடோறா."

"எப்ப போட்டனீங்கள்?"

"நீ அனுப்பின கிழமையே. அண்டைக்கே ஓடினது."

அவன் பெட்டியின் ஓரத்தில் தெரிந்த தங்கச்சியைப் பார்த்தான். அவள் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள், தலையை நிமிர்த்தவில்லை. அவன் எங்கள் இருவரையும் ஏதாவது சொல்லுவான் என்று காத்துக்கொண்டிருந்தேன். ஏசினால் நல்லது என்று நினைத்தேன்.

சுவாமி மெல்லச் செருமினார். "மகன், கோவிலுக்கு நேரமாகுது. மூடச் சொல்லுங்கோ" என்றார்.

"கொஞ்சம் பொறுங்கோ சுவாமி" என்றான் அவன். "நான் இப்பதான் அம்மாவைப் பாக்கிறன்."

அவன் பார்த்துக்கொண்டே நின்றான். படம் கலையாமல் நின்றது. மாதாவே, இந்தச் சிக்னல் இப்ப போகட்டும், இந்த மெஷின் ஒருக்கால் ஸ்ரக் ஆகி நிக்கட்டும், பெடியன் இதுக்கு மேலை பாக்கவேண்டாம் என்று மன்றாடினேன். ஒன்றும் ஆகவில்லை. அது கடைசிவரைக்கும் நல்லாய் ஓடியது.